அம்மாவின் கூட்டில் குறைந்த ஏழு பங்கு

வரிசையில் நின்றால் எனக்குக் கை சும்மா இருக்காது. கைப்பேசியை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவேன். ஜோகூர் பாருவிலிருந்து பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவளுக்கு வரிசைக்கு என்ன பஞ்சம்? போகும்போது ஒரு மணி நேரம், திரும்பும்போது ஒன்றரை. அந்த நேரம் முழுவதும் ஓடுவது ஒரே கணக்குதான்: அறை வாடகை, கார் தவணை, எங்கள் ஊர் சாஆவில் இருக்கும் அப்பா அம்மாவுக்குக் கொடுப்பது, மிச்சம். மிச்சத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பேன். எத்தனை முறை போட்டாலும் அதே தொகைதான் வரும். ஆனாலும் போடுவேன்.

அந்த மிச்சத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்கு அப்போது வயது நாற்பத்தேழு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலை பெர்மிட்டில் சிங்கப்பூர் தொழிற்சாலைக்குப் போகிற என் போன்றவர்களுக்கு அங்கே சேமநிதி கிடையாது. இங்கேயும் யாரும் பிடித்து வைப்பதில்லை. வயதான பிறகு எனக்குச் சோறு போடப்போவது நானே ஒதுக்கிவைத்த பணம்தான். பதினோரு வருடத்தில் முப்பத்தெட்டாயிரம் வெள்ளி சேர்ந்திருந்தது. நாங்கள் ரிங்கிட்டை இன்னும் வெள்ளி என்றுதான் சொல்கிறோம். இந்தத் தொகை வீட்டில் யாருக்கும் தெரியாது. சொன்னால் கடன் கேட்பார்கள். கேட்காதவர்கள் பெருமூச்சு விடுவார்கள். இரண்டையும் தாங்கும் பொறுமை எனக்கு இல்லை.

சிங்கப்பூர் சம்பளம் என்றாலே சாஆவில் எல்லாரும் உடனே மூன்றால் பெருக்கி நம்ம வெள்ளியாக்கிவிடுவார்கள். அதில் எதையாவது கழிக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றாது. கிள்ளானில் இருக்கும் என் அண்ணனுக்கும் தோன்றியதில்லை. அவன் தவறாமல் அனுப்புவது காலை வணக்கப் படங்கள்.

மாதம் ஆயிரத்து ஐந்நூறு வெள்ளியை அம்மாவின் கையில் கொடுப்பேன். ரொக்கமாகத்தான் கொடுக்க வேண்டும். ஏடிஎம் அட்டை என்றால் அவருக்குப் பயம். அப்பாவுக்குச் சர்க்கரை நோய். இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தாகிவிட்டது. பாதிப் பொழுது படுக்கைதான். மருந்து அரசாங்கக் கிளினிக்கில் கிடைத்துவிடும். காசைத் தின்பது மற்றவைதான்: அவருக்கான பால்மாவு, டயப்பர், புண்ணுக்குக் கட்டும் துணி, கிளினிக்குக்குப் போய்வர வாடகைக் கார். ஒவ்வொன்றுக்கும் விலை பார்த்து, நூறு வெள்ளி கையிருப்பு நிற்கிற மாதிரிதான் நான் அந்தத் தொகையை வைத்திருந்தேன்.

அது போதாமல் போக ஆரம்பித்தது. முதலில் அம்மா கூடுதலாக ஐம்பது கேட்டார். பிறகு இருநூறு. அந்த வருடம் பாதி தாண்டுவதற்குள், மாதத் தொடக்கத்தில் கொடுத்துவிட்டு வந்தால் ஐந்தாம் நாளே போன் வந்துவிடும். நான் தொழிற்சாலையில் தேநீர் இடைவேளைக்கு வெளியே வந்திருப்பேன். பத்து நிமிடம்தான். அதில் எட்டு நிமிடம் அம்மாவோடு மல்லுக்கட்டு.

"இன்னும் கொஞ்சம் குடு மா."

"எவ்ளோ?"

"ஆறு நூறு இருந்தா நல்லாருக்கும்."

"அலமாக்! எதுக்குமா ஆறு நூறு? என்னா வாங்குன, சொல்லு."

"சாமான் எல்லாம் வெல ஏறிப்போச்சு லா. உனக்கு என்னா தெரியும்."

எனக்கு எல்லா விலையும் தெரியும். அதுதான் என் பிரச்சினை. சாமான் விலை எவ்வளவு ஏறினாலும் அறுநூறு ஏறாது. பணம் வேறு எங்கோ போகிறது. அண்ணன் வாங்குகிறானா? அம்மா லாட்டரி நம்பர் எழுத ஆரம்பித்துவிட்டாரா? யாராவது ஏமாற்றுகிறார்களா? வேலையில் இருக்கும்போதும் இதே நினைப்புதான். பரிசோதனைக்கு வரும் மின்சுற்றுப் பலகைகளில் இரண்டு கோளாறுகளைத் தவறவிட்டு மேற்பார்வையாளரிடம் பேச்சு வாங்கினேன். அறைக்கு வந்தால் சாப்பிட உட்கார முடியாது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நடப்பேன்.

ஒரு சனிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் காரை எடுத்தேன். யோங் பெங்கில் நெடுஞ்சாலையைவிட்டு இறங்கி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே அந்தச் சாலையில் லாரிக்குப் பின்னால் லாரியாக முந்திக்கொண்டு போனேன். அப்படி ஓட்டியிருக்கக் கூடாது.

வீட்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது பின்பக்கக் கொடியைத்தான். அப்பாவின் பழைய கைலிகள் துண்டு துண்டாகக் கிழிக்கப்பட்டு, துவைத்துக் காயப்போட்டிருந்தன. டயப்பருக்குப் பதில் அவைதான். அடுப்படிக்குப் போய்ப் பால்மாவு டின்னைத் திறந்தேன். உள்ளே இருந்தது வறுத்த அரிசி மாவு. சர்க்கரை நோய்க்காரருக்கு இரண்டு வேளையும் அரிசிக் கஞ்சி. அப்பாவின் கால் கட்டு அழுக்காக இருந்தது. அவிழ்த்துப் பார்க்கத் துணிவில்லாமல் நின்றேன்.

அப்புறம் கத்தினேன். அந்தத் தாமான் குடியிருப்பில் சுவர்கள் மெல்லியவை. நான் கத்தியது நாலு வீட்டுக்காவது கேட்டிருக்கும்.

"நான் அங்க நாய் மாதிரி ஓடி ஓடி சம்பாரிக்கிறேன். நீ அப்பாவுக்கு அரிசி மாவ கரைச்சு ஊத்துற. காசு எங்கமா போச்சு?"

அம்மா முந்தானையால் மேசையைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்திருந்த மேசைதான். அறைக்குள்ளிருந்து அப்பாதான் பேசினார். அவர் தோட்டத்தில் லாரி ஓட்டியவர். எதையும் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசிப் பழக்கமில்லை.

"அவள திட்டாத. கூட்ட கேளு."

கூட்டு என்றால் என்ன என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இருபது பெண்கள். ஆளுக்கு மாதம் இருநூறு வெள்ளி. சேரும் நாலாயிரத்தை மாதம் ஒருவர் எடுத்துக்கொள்வார். முதல் மாதம் கூட்டு நடத்துபவருக்கு. மற்றவர்களுக்குக் குலுக்கல் போட்டு வரிசை. சட்டப்படி கூடாது. ஆனால் பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும் கூரை மாற்றவும் பேங்குக்குப் போக முடியாதவர்களுக்கு வேறு என்ன வழி இருக்கிறது? அம்மா இதை முப்பது வருடமாக நடத்திவந்தார். தோட்டத்தில் செம்பனை உதிரிப்பழம் பொறுக்கிய காலத்தில் ஆரம்பித்தது. தோட்டத்தைவிட்டு எல்லாரும் இந்தத் தாமானுக்கு வந்த பிறகும் அதே பெண்கள், அதே கூட்டு. நோட்டுப் புத்தகம் கிடையாது. தாள் இருந்தால் ஆபத்து என்று சொல்வார்கள். உண்மையில் அம்மாவுக்குத் தாளே தேவைப்பட்டதில்லை. யார் கொடுத்தார், யார் எந்த மாதம் எடுத்தார், யார் பத்து வெள்ளி குறைத்துக் கொடுத்து மறுவாரம் தீர்த்தார், எல்லாம் தலையிலேயே இருந்தது.

அதில் ஒரு வழக்கம் உண்டு. மாதம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள் பெண்கள் ஒவ்வொருவராக வந்து, பேச்சோடு பேச்சாகப் பணத்தை அம்மாவின் கையில் திணித்துவிட்டுப் போவார்கள். அம்மா எதிரில் எண்ண மாட்டார். கொடுத்துவிட்ட ஒருத்தியிடம் போய் 'இன்னும் தரலையே' என்று கேட்டுவிட்டால் அதைவிடக் கேவலம் இல்லை. அவளைத் திருடி என்று சொன்ன மாதிரி. அப்படிக் கேட்கிறவரிடம் அடுத்த கூட்டுக்கு ஆள் சேராது.

அம்மா பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். இரண்டாயிரத்து அறுநூறு இருந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நாலாயிரத்தைக் கொடுத்தாக வேண்டும்.

"ஏழு பங்கு கொறையுது. யாரெல்லாம் தரல?"

"தெரியல."

"தெரியலன்னா?"

"மறந்து போவுதும்மா." அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒரு நாளு எல்லாம் நெனப்பு இருக்கு. மறுநாளு பாத்தா யாரு குடுத்தா, யாரு குடுக்கல, ஒன்னும் தெரியல. குடுத்தவங்ககிட்ட போயி எப்டி கேக்குறது? அதான் நானே போட்டுட்டேன்."

"எத்தன மாசமா?"

அதுவும் அவருக்குத் தெரியவில்லை.

அப்பாவின் பால்மாவு, டயப்பர், கட்டுத் துணி எல்லாம் எங்கே போயின என்று இப்போது புரிந்தது. நினைவு தப்பிய ஒவ்வொரு பங்கையும் அம்மா வீட்டுப் பணத்தில் நிரப்பியிருக்கிறார். யாரும் ஏமாற்றவில்லை என்று நிம்மதி வர வேண்டும். எனக்கு வரவில்லை. கொடுக்காவிட்டாலும் இந்த அக்கா கேட்பதில்லை என்பதை மற்ற பத்தொன்பது பேரில் ஒருத்தியாவது கண்டுபிடித்திருக்க மாட்டாளா? அப்படி எத்தனை பேர்? என் பணத்தில் யார் யார் வாழ்கிறார்கள்? இந்தக் கேள்வி வந்த பிறகு என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. செருப்பை மாட்டினேன்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "போவாத மா. ஏழு பங்குதானே, நீ போட்டுடு. மாசாமாசம் எனக்குக் குடுக்கிறதுல கழிச்சுக்க. எனக்கு மறந்து போவுதுன்னு வெளிய தெரிஞ்சா அப்புறம் யாரு என்னய மதிப்பா?"

ஆயிரத்து நானூறு வெள்ளி. என்னால் போட முடியும். அம்மா கேட்டது அவ்வளவுதான். ஆனால் எனக்குக் கணக்கு நேராக வேண்டும். கையை உதறிக்கொண்டு வெயிலில் இறங்கினேன்.

மூலை வீட்டுச் சித்தியிடம் முதலில் கேட்டேன். "ரெண்டாந்தேதியே குடுத்துட்டேனே, அம்மா சொல்லலியா?" என்றார். அடுத்த வீட்டிலும் அதே பதில். உண்மையா பொய்யா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. மூன்றாவது வீட்டில் இருந்தவர் கதவுக் கம்பியைப் பிடித்தபடி என்னைத் திருப்பிக் கேட்டார்.

"ஏன் பாப்பா, அக்காவுக்கு மறதி வந்துருச்சா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வேர்த்துக் கொட்டியது. கோபம் இன்னும் அடங்கவில்லை.

"ஆமா. ஒன்னும் நெனப்பு இல்ல. உங்களுக்கெல்லாம் அது நல்லதாப் போச்சு."

சொல்லி முடிப்பதற்குள்ளேயே நான் என்ன செய்துவிட்டேன் என்று தெரிந்துவிட்டது. நாலாவது வீட்டுக்குப் போகவில்லை. திரும்பி வந்தேன். நான் வருவதற்குள் செய்தி எனக்கு முன்னால் வந்துவிட்டது. எங்கள் கேட்டுக்கு வெளியே இரண்டு பெண்கள் நின்றார்கள். சாயங்காலத்துக்குள் பதினைந்து பேர் ஆகிவிட்டார்கள்.

அது கூட்டின் பதினாலாவது மாதம். இந்த மாதத்தையும் சேர்த்து இன்னும் ஏழு பேர் எடுக்க வேண்டும். கூட்டு உடைந்தால் ஏற்கெனவே எடுத்தவர்கள் மேற்கொண்டு கட்ட மாட்டார்கள். எடுக்காதவர்கள் கட்டியதெல்லாம் போச்சு. போலீசுக்கும் போக முடியாது. எடுத்தவர்கள் சுவரோரம் பேசாமல் நின்றார்கள். எடுக்காதவர்கள்தான் பேசினார்கள். அவர்களில் கடைசியாக வந்தவர் பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை செய்யும் அக்கா. நாளைக்கு எடுக்க வேண்டியவர் அவர்தான். மகளைத் தாதியர் பயிற்சிக்குச் சேர்க்கத் திங்கட்கிழமை பணம் கட்ட வேண்டும். அவர் சண்டைக்கு வரவில்லை. "எனக்கு நாளைக்குக் கெடைக்குமா, கெடைக்காதா? அத மட்டும் சொல்லிருங்க," என்றார்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். "அது சட்டவிரோதம் லா, மூடிட்டு வா," என்றான். மூடுவதற்கு அது என்ன கடைக் கதவா? போனை வைத்தேன்.

"கெடைக்கும்," என்றேன். "மிச்ச மாசமும் கெடைக்கும். நான் பொறுப்பு."

மூலை வீட்டுச் சித்தி சிரித்தார். "நீ சிங்கப்பூர்ல இருக்க. நாளைக்கு ஒன்னுன்னா உன்னய எங்க போயி தேடுறது? உன்கிட்ட இருக்கான்னு எங்களுக்கு எப்டி தெரியும்?"

நியாயமான கேள்விதான். கைப்பேசியை எடுத்தேன். பேங்க் கணக்கைத் திறந்து தொகை தெரியும்படி வைத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார். முப்பத்தெட்டாயிரம் வெள்ளி அந்த வாசலில் கைக்குக் கை போயிற்று. நான் யாருக்கும் காட்டாத என் கிழப்பருவம் அது. சிலர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார்கள். ஒருவர் இது சிங்கப்பூர் காசா, நம்ம காசா என்று கேட்டார். நம்ம காசுதான் என்றேன். எல்லார் முன்னாலும் உடை மாற்றுகிற மாதிரி கூசியது.

கேண்டீன் அக்காதான் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். "அப்டின்னா இனிமே கூட்ட நீயே புடிச்சு நடத்து மா. ஒரு நோட்டு போட்டு எழுதிக்க. அக்காவ சும்மா இருக்க விடு, பாவம்."

எல்லாரும் தலையாட்டினார்கள். பாவம் என்ற அந்தச் சொல் அம்மாவின் காதில் விழுந்ததா என்று திரும்பிப் பார்த்தேன். அவர் தட்டில் தேநீர்க் குவளைகளோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். யாருக்குச் சீனி வேண்டாம், யாருக்குப் பால் வேண்டாம் என்று ஒருவரையும் கேட்காமல் சரியாகக் கொடுத்துக்கொண்டு வந்தார். எனக்குக் கொடுக்கும்போது மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றைக்கே டவுனுக்குப் போய் ஆயிரத்து நானூறு எடுத்துவந்தேன். வழியிலேயே டயப்பரும் பால்மாவும் வாங்கினேன். மறுநாள் காலை கேண்டீன் அக்கா வந்தபோது, நான் டின்னை அம்மாவிடம் நீட்டினேன். "நீயே குடு மா." அம்மா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். கேண்டீன் அக்கா எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

அந்த ஏழு பேர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்போதும் வரிசையில் நிற்கும்போது பத்தொன்பது முகங்களையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பேன். ஒன்றும் நிரூபணமாகாது. கணக்கைச் சரிசெய்யப் போய் நான் சரிசெய்தது எதுவுமில்லை. அம்மா கேட்டபடி அந்தப் பணத்தைப் பேசாமல் போட்டிருந்தால் அதே செலவுதான் ஆகியிருக்கும். அம்மாவின் முப்பது வருடம் மட்டும் அவரிடமே இருந்திருக்கும்.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை மறுபடி சாஆவுக்குப் போனேன். வந்ததும் அம்மாவின் கையில் வழக்கமான பணத்தைக் கொடுத்தேன்; ஆயிரத்து ஐந்நூறுதான், எதையும் கழிக்கவில்லை. கூடத்தில் மேசை போட்டு, புது நோட்டுப் புத்தகத்தில் இருபது கோடு இழுத்து, தோட்டத்தில் சம்பளம் எண்ணிக் கொடுக்கும் கிராணி மாதிரி உட்கார்ந்தேன். பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். எண்ணிக் கொடுத்தார்கள், நான் எண்ணி வாங்கினேன், கையெழுத்துப் போட்டார்கள். முன்பெல்லாம் கொடுக்க வந்தவர்கள் ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போவார்கள். இப்போது கையெழுத்துப் போட்டதும் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள்.

அம்மா அன்றைக்கு நல்ல சேலை கட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் மற்றவர்களோடு உட்கார்ந்திருந்தார். கூட்டம் குறைந்ததும் எழுந்து மேசைக்கு வந்தார். இடுப்பிலிருந்து இருநூறு வெள்ளியை எடுத்து, எண்ணி, என் முன்னால் வைத்தார்.

"என் பங்கு. எழுதிக்க."

எழுதினேன். அவர் பெயருக்கு நேரே கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். அப்பாவுக்குப் பால் கலக்க உள்ளே போனார், வந்தார், மூலை வீட்டுச் சித்தியிடம் ஏதோ பேசினார். அரை மணி நேரம் போயிருக்கும். மறுபடி எழுந்தார். மேசைக்கு வந்து, இடுப்பிலிருந்து இருநூறு வெள்ளியை எடுத்து, எண்ணி, என் முன்னால் வைத்தார்.

"என் பங்கு. எழுதிக்க."

சித்தி பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார். கேண்டீன் அக்காவும் பார்த்தார். நோட்டுப் புத்தகம் விரிந்தே கிடந்தது. அம்மாவின் வரியில் நான் போட்ட குறி எல்லாருக்கும் தெரிந்தது. அம்மா மட்டும் என் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பணத்தை வாங்கி எண்ணினேன். சரியாக இருக்கிறது என்று சொன்னேன். அம்மாவின் வரிக்கு நேரே பேனாவை வைத்து, முனை தாளில் படாமல், எழுதுவதுபோல் மெதுவாக நகர்த்தினேன்.